ஒரு சாண் சுத்தம்

அத்தியாயம் 3

அண்ணி இதுவரை நான்கு முறை 'சபாஷ்' சொல்லிவிட்டாள். நான்கும் சக்கரம் துடைக்கிற சக்கரக்காரிக்கே போய்ச் சேர்ந்தன.

ரேடியோ எண்ணிக்கொண்டிருந்தான். ஐந்து வருடமாக அண்ணியோடு வழக்கு வழக்காக அலைகிறவன். இந்த ஐந்து வருடத்தில் அவன் வாங்கிய சபாஷ் மொத்தம் மூன்று. அதிலும் ஒன்று, காப்பியைச் சிந்தாமல் மாடிக்குக் கொண்டுவந்ததற்கு.

ரேடியோ என்பது வீட்டில் வைத்த பெயர். காலையில் திறந்த வாயைப் படுக்கும்போதுதான் மூடுவான். அண்ணி, அதாவது அவன் அண்ணன் மனைவி, இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பன்னிரண்டு வருடம் விபத்து வண்டிகளைப் பார்வையிட்டவள். அந்த வேலையை உதறிவிட்டு அவள் துப்பறியும் நிறுவனம் தொடங்கியபோது, வீடு வீடாகச் சோப்பு விற்றுக்கொண்டிருந்த இவன் பையைக் கீழே வைத்துவிட்டுப் பின்னால் வந்துவிட்டான். நிறுவனம் என்றால் ஒரு மேசை, இரண்டு நாற்காலி. இரண்டாவது நாற்காலி அவனுடையது. இன்று அதன் கால் லேசாக ஆடுவதுபோல் அவனுக்குத் தோன்றியது.

மணி மூன்று பத்து. ஐந்து மணிக்கு ஒரு டிரைவரின் வேலை போகப்போகிறது.

வாடகைக் கேரவன்கள் நிற்கும் ஷெட் அது. கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளே வைத்த பெரிய வண்டிகள். கடைசியில் நின்ற கேரவனின் பின்பக்கத்தை மரக்கட்டைகள் தாங்கிக்கொண்டிருந்தன. நேற்றுக் காலை ஒன்பது மணிக்கு நெடுஞ்சாலையில் அதன் பின் டயர் வெடித்தது. வண்டி மூன்று முறை ஆடி, ஓரத்துக் கம்பியில் உரசி நின்றது. உள்ளே இருந்தவர்கள் இருவர். ஒருவர் டிரைவர். அவருக்குக் கீறல்கூட இல்லை. இன்னொருத்தி இந்தச் சக்கரக்காரி. கண்காட்சிக்குப் போகிற வண்டிக்கு அங்கே போய் இறங்கியதும் சக்கரம் துடைத்து மெருகு போட வேண்டும் என்று முதலாளி அவளையும் கூட அனுப்பியிருந்தார். அவளுடைய இடது முழங்கையில் இப்போது பெரிய கட்டு.

டிரைவர் கண்மண் தெரியாமல் ஓட்டியதால்தான் டயர் வெடித்தது என்பது முதலாளியின் முடிவு. ஐந்து மணிக்கு அவர் கடிதத்தில் கையெழுத்துப் போடுவார். வேலையும் போகும், லைசென்ஸும் போகும். டிரைவரின் மனைவி வீட்டிலேயே தையல் மெஷின் வைத்திருப்பவள். இன்று காலை அவள்தான் நிறுவனத்தின் படியேறி வந்தாள். அழவில்லை. "அவரு மேல தப்பு இல்லக்கா. அந்த சக்கரம் துடைக்கிறவளை விசாரிங்க" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அந்தச் சக்கரம் துடைக்கிறவளைத்தான் அண்ணி இப்போது விசாரித்துக்கொண்டிருந்தாள். விசாரிப்பதாகத் தெரியவில்லை. பாடம் கேட்பதாகத் தெரிந்தது.

"இங்க பாருங்க மேடம்," என்று சக்கரக்காரி ஈரத் தரையில் முட்டி போட்டாள். "பின்னாடி ஒவ்வொரு பக்கமும் ரெண்டு சக்கரம். வெளிய ஒண்ணு, அதுக்கு உள்ள ஒண்ணு. வெடிச்சது உள் சக்கரம். டயர் நல்ல காத்தோட இருந்து பட்டுன்னு வெடிச்சா துண்டு துண்டாப் பிய்யும். காத்து இல்லாம ரொம்ப தூரம் ஓடி வெடிச்சா, தன்னைத்தானே அரைச்சு மாவாக்கிடும். இது மாவு."

விரலால் தொட்டுக் காட்டினாள். வெளிச் சக்கரத்தில் உள்ளங்கை நுழைகிற அளவுக்குச் சுற்றிலும் துளைகள். உள் சக்கரத்து ரப்பர் தூள் அந்தத் துளைகள் வழியே வந்து, மெருகு போட்ட உலோகம் முழுக்கக் கண்மைபோல் அப்பியிருந்தது.

"அப்போ வேகத்தால இல்ல," என்றாள் அண்ணி.

"வேகத்தால இல்ல. கெளம்பும்போதே காத்து கொறஞ்சிருக்கு. உள் சக்கரத்து வால்வுக்கு ஒரு நீட்டுக் குழாய் உண்டு மேடம். இந்தத் துளை வழியா வெளிய வந்து நிக்கும். அதோட மூடியைக் காணோம். மத்த அஞ்சுலயும் மூடி இருக்கு. ஆறுக்கும் நான்தான் மெருகு போட்டேன்."

"சபாஷ்," என்றாள் அண்ணி.

ஐந்து.

"ஆணி, கீணி ஏறியிருக்கலாம்ல?" என்று ரேடியோ நடுவில் புகுந்தான். "ஆணிக்கெல்லாம் சபாஷ் கிடைக்காதுங்கறதால யாரும் தேடலையோ என்னவோ."

"டயரோட மிச்சம் அந்த மூலையில இருக்கு சார். நீங்களே தேடலாம். நான் ரெண்டு தடவை தேடிட்டேன்."

ரேடியோ தேடப் போகவில்லை. சக்கரத்தையே முறைத்தான். முறைத்ததில் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. சக்கரம் முழுக்கக் கறுப்பு. அந்த ஒரு துளையைச் சுற்றி மட்டும், ஒரு சாண் அளவுக்கு, முகம் தெரிகிற பளபளப்பு.

"அண்ணி, இதை யாரோ துடைச்சிருக்காங்க."

"இப்பத்தான் பார்க்கறியா?"

சபாஷ் இல்லை. அவன் சக்கரக்காரியின் பக்கம் திரும்பினான். "துடைக்கிறது உங்க தொழில்."

"என் தொழில்தான். ஆனா நான் தொட்டா முழுசாத் துடைப்பேன். பாதியில விட்டுட்டுப் போனா எனக்குச் சோறு எறங்காது." அவள் சக்கரத்தின் மேல் கன்னத்தைச் சாய்த்து, வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தாள். "கம்பி பிரஷ் போடல, கீறல் இல்ல. பெட்ரோல் போடல, போட்டா மெருகு செத்துப்போகும். எண்ணெய் தடவி ஊற வச்சு, பிளாஸ்டிக் தகட்டால வழிச்சு, சோப்புத் தண்ணியில கழுவி, துணியால ஒத்தி எடுத்திருக்காங்க. முறையாத்தான் செஞ்சிருக்காங்க."

"முறை தெரிஞ்ச ஆளு இந்த ஷெட்ல எத்தனை பேரு?"

அவள் தன் சாமான் பெட்டியைத் திறந்தாள். எண்ணெய்ப் புட்டி ஒரு விரற்கடை குறைந்திருந்தது. பிளாஸ்டிக் தகடு துணிகளுக்கு அடியில் கிடந்தது. "நான் இப்படி வைக்க மாட்டேன்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

அண்ணி பைக்குள்ளிருந்து டார்ச்சை எடுத்தாள். "தம்பி, ஒரு கேள்வி. யாரு துடைச்சாங்கன்னு விடு. ஏன் ஒரு சாணோட நிறுத்திட்டாங்க?"

"மூச்சு வாங்கியிருக்கும்."

"உனக்குத்தான் பேசிப் பேசி மூச்சு வாங்கும். நல்லா யோசி. பளபளன்னு இருக்கற உலோகத்தை ஒருத்தர் எண்ணெய்க் கையோட தொட்டிருக்காங்க. தொட்டப்போ எதுவும் தெரிஞ்சிருக்காது. அப்புறம் ரப்பர் தூள் வந்து விழுது. எண்ணெய் இருக்கற இடத்துல தூள் கூடுதலா ஒட்டும். முகத்துல வேர்வை இருக்கற இடத்துல பவுடர் திட்டுத்திட்டா நிக்கற மாதிரி. டயர் வெடிச்சதும் சக்கரத்து மேல ஒரு கை எழும்பி நின்னிருக்கும். துடைச்சவங்க அழுக்கைத் துடைக்கல. அந்தக் கையைத் துடைச்சிருக்காங்க."

ரேடியோ வாயை மூடிக்கொண்டான். இந்த மாதிரி நேரங்களில்தான் அவனுக்கு அண்ணியின் மேல் பக்தி வரும். இந்த மாதிரி நேரத்தில் இன்னொருத்தி அவளைப் பார்த்து அதே பக்தியோடு தலையாட்டுவதை அவனால் பொறுக்க முடியவில்லை.

"வால்வைப் பிடிக்கணும்னா ஒரு விரலாவது துளைக்குள்ள போகணும்," என்றாள் அண்ணி. "வெளிய துடைச்சவங்க உள் விளிம்பைத் துடைச்சாங்களா, பார்ப்போம்."

டார்ச் வெளிச்சம் துளைக்குள் போனது. மூவரும் தலையோடு தலை முட்டக் குனிந்தார்கள். உள் விளிம்பில் ஒரு சின்னக் கறுப்புத் தடம். விரல்நுனி அளவு. ஆனால் விரலுக்கு உள்ள கோடுகள் அதில் இல்லை. புள்ளிகள் இருந்தன. வரிசை வரிசையாக, நெருக்கமாக.

"மனுஷ விரல்ல புள்ளி எப்போ முளைச்சுது?" என்று முணுமுணுத்தவன் சட்டென்று நிமிர்ந்தான். சக்கரக்காரியின் இடுப்பில் செருகியிருந்த கையுறை. வழுக்காமலிருக்க உள்ளங்கை முழுக்க ரப்பர் புள்ளி வைத்த கையுறை.

அவனுக்கு உள்ளே ஒரு மத்தாப்பு கொளுத்தினாற்போல் இருந்தது. "அண்ணி, அந்தக் கையுறையைக் கொஞ்சம் பாருங்க. அஞ்சு சபாஷையும் நான் அப்பவே திருப்பிக் கேட்டிருக்கணும்."

சக்கரக்காரி கையுறையை உருவிக் கொடுத்தாள். அண்ணி அதைத் துளைக்கு அருகில் பிடித்தாள். பிறகு ரேடியோவின் கண்ணுக்கு நேரே பிடித்தாள்.

"இதுல ஒரு விரலுக்கு எத்தனை புள்ளி?"

"...நாலு."

"அங்க?"

நாற்பதுக்குக் குறையாது. கடுகைவிடச் சின்னப் புள்ளிகள்.

"அதோட, தான் இருக்கற வண்டிக்கே காத்தைப் புடுங்கிட்டு ஏறி உட்கார இவங்களுக்கு என்ன கிறுக்கா?" என்று கையுறையைத் திருப்பிக் கொடுத்தாள். "தப்பா எடுத்துக்காதம்மா. இவன் கொஞ்ச நேரமா நெஞ்சு எரிஞ்சுகிட்டு இருக்கான்."

ரேடியோவின் காது மடல் சூடானது. தான் சபாஷ் எண்ணுவதை அண்ணி கவனிக்கவில்லை என்று அவன் நினைத்திருந்தான்.

ஷெட்டின் பின்னால் தண்ணீர்த் தொட்டி விளிம்பில் டிரைவர் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதுக்காரர். சட்டைப் பையில் பேனா, சீப்பு, ஒரு மாத்திரை அட்டை.

"மேடம், எனக்காக அலையாதீங்க. வேகமாப் போனேன்னு நானே எழுதிக் கொடுத்துட்டேன்."

"எத்தனையில போனீங்க?"

"நூறு. நூத்திப்பத்து இருக்கும்."

"இந்த வண்டி எண்பதைத் தாண்டினா சமையலறைக் கதவெல்லாம் தானா திறந்துக்குமாமே," என்றான் ரேடியோ. "முதலாளியே சொன்னாரு. உள்ள ஒரு தட்டுகூட உடையலயே."

டிரைவர் தரையைப் பார்த்தார்.

"கெளம்பறதுக்கு முன்னாடி டயரைத் தட்டிப் பார்த்தீங்களா?" என்று அண்ணி கேட்டாள்.

இதற்கு மட்டும் அவர் முகம் நிமிர்ந்தது. பதினான்கு வருடத் தொழிலைத் தொட்டுக் கேட்கிற கேள்வி. "தட்டாம எடுப்பேனா? உள் சக்கரம் கண்ணுக்குத் தெரியாது மேடம். வெளிச் சக்கரம் தாங்கிப் பிடிச்சுக்கும். கம்பியால தட்டினா சத்தம் காட்டிக்கொடுத்துடும். ஆறரைக்குத் தட்டினேன். ஆறும் மணி மாதிரி பேசிச்சு." சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று அவருக்கு உறைத்தது. "ஆனா வேகமாத்தான் போனேன்."

"சக்கரம் துடைக்கிற அம்மாவை ஒரு கார்ல ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டு, இழுவை வண்டி வர்ற வரைக்கும் நாலு மணி நேரம் தனியா இருந்தீங்க. என்ன பண்ணினீங்க?"

"சும்மா உட்கார்ந்திருந்தேன்."

அண்ணி அவருடைய கைகளைப் பார்த்தாள். ரேடியோவும் பார்த்தான். இடது கை நகக்கண்களில் பல வருடத்துக் கிரீஸ். வலது கை நகங்கள் மட்டும் எண்ணெயில் ஊறிச் சோப்பில் குளித்து, மணமகன் நகம்போல் வெளுத்திருந்தன.

வெளியே வந்ததும் ரேடியோ கிசுகிசுத்தான். "துடைச்சது இவருதான். முறையைச் சொல்லிக்கொடுத்தது அவ. யாரைக் காப்பாத்தத் துடைச்சாருன்னு இன்னும் சொல்லணுமா? அவளைத்தான்."

"உனக்கு அவளை விட்டா வேற ஆளே கிடையாதா?" என்றாள் அண்ணி. "மணி நாலே கால். டிரைவர் வீட்டம்மாவை வரச் சொல்லியிருந்தேன். வாசல் கேட் பக்கத்துல நிப்பாங்க. போய்ப் பேசிட்டிரு. நான் முதலாளியைக் கொஞ்சம் பிடிச்சு வைக்கறேன்."

தையல்காரி கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தைத்துக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு வந்தவள். புடவையில் இரண்டு நிற நூல்.

"அவளை விசாரிச்சீங்களா தம்பி?"

"விசாரிச்சோம். கெட்டிக்காரி."

"நீங்களுமா?" என்றாள். குரல் இறங்கியது. "போன மாசம் ஒரே ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுல அவ பேச்சு ஏழு தடவை வந்துச்சு. அவ துடைச்சா கண்ணாடி, அவ கை வச்சா வெள்ளி. நான் ராத்திரி பகலா ஒரு கோட்டு தைச்சுக் கொடுத்தேன். நல்லாருக்குன்னு ஒரே ஒரு தடவை. அதுவும் பித்தான் போட்டுகிட்டே. இந்தத் திங்கக்கிழமை மூணு தடவை. செவ்வாய்க்கிழமை, கண்காட்சிக்கு அவளும் வர்றான்னு சொன்ன அன்னிக்கு, ஒன்பது."

ரேடியோ அந்த எண்களை மனதுக்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்தான்.

பொறாமைப்படாதவர்கள் எண்ணுவதில்லை. அவர்களுக்கு 'அடிக்கடி', 'எப்பவும்' என்ற சொற்களே போதும். ஏழு, மூன்று, ஒன்பது என்று கணக்கு வைப்பது ஒரு தனிக் கூட்டம். அந்தக் கூட்டத்தில் தானும் ஒரு ஆள் என்பது அவனுக்கு இன்று மதியம்தான் தெரியவந்தது. ஐந்து சபாஷுக்காக ஒரு அப்பாவியின் கையுறையைப் பிடித்திழுத்தவன் அவன். ஒன்பது தடவைக்கு ஒருத்தி என்ன செய்வாள்?

அவன் கண் தானாக அவள் கைக்குப் போனது. அவள் பேசிக்கொண்டே வலது நடுவிரலில் இருந்த விரலுறையைத் திருகித் திருகிச் சுற்றிக்கொண்டிருந்தாள். ஊசி குத்தாமலிருக்கத் தையல்காரர்கள் மாட்டிக்கொள்கிற சின்ன உலோகத் தொப்பி. ஊசி வழுக்காமலிருக்க அதன் நுனி முழுக்கக் குழிகள். வரிசை வரிசையாக, நெருக்கமாக, கடுகைவிடச் சின்னதாக. ஓரத்தில் மெஷின் எண்ணெயின் மினுமினுப்பு.

சந்தோஷப்பட வேண்டிய நேரம். அவனுக்குச் சந்தோஷம் வரவில்லை.

"அக்கா," என்றான். ரேடியோ இவ்வளவு மெதுவாகப் பேசுவான் என்று வீட்டில் யாரும் நம்பமாட்டார்கள். "நேத்து காலையில ஷெட்டுக்கு வந்தீங்களா?"

"சாப்பாடு கொடுக்க வந்தேன். ஏழு மணிக்கு."

"அவரு அப்போ?"

"சாவி வாங்க ஆபீசுக்குள்ள போயிருந்தாரு."

"அப்போ வண்டிகிட்ட நீங்க மட்டும்தான்."

அவள் விரலுறையைச் சுற்றுவதை நிறுத்தினாள். அது தன் விரலில் இருப்பதையே அப்போதுதான் கவனித்தவள்போல் பார்த்தாள். கழற்றவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

"வண்டி கெளம்பக் கூடாதுன்னு நெனச்சேன்," என்றாள். "அவ்வளவுதான் தம்பி. சைக்கிள் காத்து எறங்கினா சைக்கிள் படுத்துக்கும்ல? மூடியைத் திருகி எடுத்துட்டு, உள்ள இருக்கற ஊசியை நகத்தால அழுத்தினேன். புஸ்ஸுன்னு காத்து வந்துகிட்டே இருந்துச்சு. விரல் மரத்துப்போச்சு. எந்திரிச்சுப் பார்த்தா வண்டி அப்படியே நிக்குது. ஒரு துளி சாயல. என்னால முடியாதுன்னு நெனச்சேன். நல்லதாப் போச்சுன்னுகூட நெனச்சேன். வீட்டுக்குப் போய் மெஷின்ல உட்கார்ந்துட்டேன். பத்து மணிக்குப் போன் வந்துச்சு."

"உள் சக்கரம் அக்கா அது. காத்து போனாலும் வெளிச் சக்கரம் தாங்கிக்கும். அவரை மாதிரி ஆளுக்கே தட்டிப் பார்த்தாத்தான் தெரியும். அவரு தட்டினது நீங்க வர்றதுக்கு முன்னாடி."

அவள் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். "அவருக்குத் தெரியாது."

"தெரியும்," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அண்ணி எப்போது வந்து நின்றாள் என்று தெரியவில்லை. "டயர் வெடிச்சு நின்னதும் அவரு எறங்கிப் பார்த்திருக்காரு. உங்க கைத்தடம் சக்கரத்து மேல கறுப்பா எழும்பி இருந்திருக்கு. நடுவிரல் மட்டும் புள்ளி புள்ளியா. அதை யாருதுன்னு கண்டுபிடிக்க அவருக்குத் துப்பறிவாளர் தேவைப்படல. நடுரோட்ல நாலு மணி நேரம் வெயில்ல உட்கார்ந்து தேய்ச்சுத் துடைச்சிருக்காரு. அப்புறம் வேகமாப் போனேன்னு எழுதிக் கொடுத்திருக்காரு. அவரைக் காப்பாத்தற ஒரே சாட்சியை அவரே அழிச்சுட்டாரு."

தையல்காரியின் கண்கள் நிறைந்து வழிந்தன. துடைத்துக்கொள்ளாமலேயே கேட்டாள்.

"மெருகு போகாம துடைக்க அவருக்கு யாரு சொல்லிக்கொடுத்தா?"

ரேடியோவும் அண்ணியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்த நோய்க்கு இவ்வளவு பெரிய மருந்தும் போதாது என்று ரேடியோ நினைத்தான். சிரிப்பு வந்தது. அழுகையும் பக்கத்திலேயே நின்றது.

"அவங்கதான் சொல்லிக்கொடுத்திருக்காங்க," என்றான். பொய் சொல்ல நா வரவில்லை. "கத்துக்கிட்டதை அவரு யாருக்காகச் செஞ்சாருன்னு மட்டும் பாருங்க. மணி நாலு நாற்பது."

அண்ணி கைக்கடிகாரத்தைக்கூடப் பார்க்கவில்லை. இவள் தானாகப் போக வேண்டும், தள்ளிவிடக் கூடாது என்று அவள் நிற்பது ரேடியோவுக்குப் புரிந்தது. அவனும் நின்றான். அவன் வாழ்க்கையில் மிக நீளமான இரண்டு நிமிடம்.

தையல்காரி கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே நடந்தாள்.

முதலாளியின் அறை சிறியது. மேசை, அலமாரி, சுவரோரம் ஒரு பெஞ்சு. முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தார். பெஞ்சின் ஒரு முனையில் டிரைவர், மறு முனையில் கட்டுப்போட்ட கையோடு சக்கரக்காரி. கதவைத் திறந்தவளின் கண் முதலில் போனது கடிதத்துக்கு அல்ல. அந்த இருவருக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று அளந்ததை ரேடியோ பார்த்தான்.

"டயர்ல காத்தை எடுத்தது நான்தான் சார்," என்றாள்.

டிரைவர் எழுந்தார். "சார், அவ பொய் சொல்றா. எனக்காகச் சொல்றா."

"பேசாம உட்காருங்க," என்றாள் மனைவி.

அவர் உட்கார்ந்தார்.

அவள் சொல்லி முடிக்க மூன்று நிமிடம் ஆயிற்று. முதலாளி கேட்ட கேள்விகளுக்கு அண்ணி பதில் சொன்னாள். வால்வு மூடியை மேசைமேல் வைத்தது தையல்காரி. பொத்தான் டப்பாவுக்குள் போட்டு வைத்திருந்தாளாம், காலையிலிருந்து இடுப்பிலேயே செருகியிருந்தாளாம். முதலாளி அதை உருட்டிப் பார்த்துவிட்டுக் கடிதத்தை நான்காக மடித்தார். "உங்க மேல புகார் கொடுக்கறதா வேணாமான்னு நான் தனியா யோசிக்கணும்," என்றார். "இவரு நாளைக்கு வண்டி எடுக்கட்டும்."

தையல்காரி சக்கரக்காரியின் பக்கம் திரும்பினாள். முழங்கைக் கட்டைப் பார்த்தாள். அதற்கு மேல் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"என்னாலதான்," என்றாள்.

"ஆமா," என்றாள் சக்கரக்காரி. "ஒரு அங்குலம் தள்ளி விழுந்திருந்தா கழுத்து. உங்களை இன்னிக்கு மன்னிக்க முடியுமான்னு எனக்குத் தெரியல." கொஞ்சம் நிறுத்தினாள். "ஒண்ணு மட்டும் சொல்றேன். வண்டியில ஏறினதும் உங்க வீட்டுக்காரர் நீங்க தைச்ச கோட்டைப் பத்தி ஆரம்பிச்சாரு. எந்தத் துணி, எத்தனை நாளு, பித்தானுக்கு எங்கெல்லாம் அலைஞ்சீங்கன்னு. எனக்குத் தாங்கல. பின்னாடி கட்டில்ல போய்ப் படுத்துத் தூங்கிட்டேன். கீழ விழுந்தப்போதான் முழிச்சேன்."

தையல்காரி கணவனைப் பார்த்தாள். அவர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார்.

"எத்தனை தடவை சொன்னாரு?" என்று கேட்டாள்.

"நான் எண்ணலீங்க," என்றாள் சக்கரக்காரி. பிறகு கட்டுப்போட்ட முழங்கையைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் இன்னும் கொஞ்சம் ஓரமாக நகர்ந்தாள். தையல்காரி போய் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தாள்.